அக்கி வந்தா கேன்சர் வருமான்னு கேட்ட செல்விக்கு

கம்பாலா, உகாண்டா, ஞாயித்துக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, திட்டாதடி. இங்க மழை, கரண்டு போனா நெட்டும் கூடவே போயிடுது, போதாததுக்கு லேப்ல ஒருத்தி பிரசவத்துக்கு லீவு எடுத்துட்டா, அவ பெஞ்ச் வேலையும் என் தலையில. இன்னைக்கு தான் மூச்சு விட நேரம் கிடைச்சுது. காலையில கீழ ரோட்டோரத்துல போய் ஒரு ரோலக்ஸ் வாங்கிட்டு வந்து (வாட்ச் இல்லடி, சப்பாத்திக்குள்ள ஆம்லெட்ட வச்சு சுருட்டித் தருவாங்க, இந்த ஊர்ல நம்ம பரோட்டா மாதிரி அது தான்) தின்னுக்கிட்டே டைப் பண்றேன், எழுத்துப்பிழைக்கெல்லாம் எண்ணெய்க் கை தான் பொறுப்பு.

அம்மாவுக்கு இடுப்புல அக்கி வந்து குயவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காவியில சிங்கம் எழுதிட்டு வந்தீங்கன்னு படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு கோவமும் வந்துச்சு. சிங்கம் எழுதுனது தப்பில்ல, அவங்களுக்கு மனசுக்கு ஆறுதலா இருந்திருக்கும், ஆனா முதல் மூணு நாளைக்குள்ள டாக்டர்கிட்ட போய் மாத்திரை ஆரம்பிச்சிருந்தா வலி சீக்கிரம் அடங்கியிருக்கும். அத விடு. நீ பயந்துக்கிட்டு கேட்டது வேற, அக்கியும் ஹெர்பிஸ் தானாமே, ஹெர்பிஸ் கேன்சர கொண்டு வருமாமே, நெட்ல படிச்சேன், ராத்திரி தூக்கமே வரலன்னு. அடிப்பாவி, மைக்ரோபயாலஜி ஒண்ணா படிச்சோம், நீ தான் வைராலஜில என்னை விட மார்க் ஜாஸ்தி!

அக்கி வர்றது சின்ன வயசுல அம்மை போட்டுச்சே அதே வைரஸால தான். அம்மை இறங்குனதுக்கு அப்புறம் அது நரம்பு வேருக்குள்ள போய் படுத்துக்கும், வயசாகி உடம்பு தளர்ந்தா எழுந்து வரும். அந்த வைரஸ் கேன்சர உண்டாக்காது, அம்மா நிம்மதியா இருக்கலாம். ஹெர்பிஸ்ங்கறது ஒரு வைரஸ் குடும்பம், மனுஷனுக்கு வர்றது மொத்தம் ஒம்போது, உதட்டுல கொப்புளம் போடுறதும் அதுல ஒண்ணு. குடும்பப் பேரு ஒண்ணா இருந்தா குணமும் ஒண்ணா இருக்கணுமா என்ன, உங்க அப்பாவையும் சித்தப்பாவையும் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா. ஆனா எல்லாத்துக்கும் ஒரு குணம் பொது, ஒருதடவ குடி வந்தா சாகுற வரைக்கும் வீட்டக் காலி பண்ணாது. இந்த ஒம்போதுல கேன்சர் உண்டாக்குறது ரெண்டு. ஒண்ணு எப்ஸ்டீன் பார் வைரஸ். இன்னொண்ணு நான் இங்க வந்த நாள்ல இருந்து தினமும் மூஞ்சில முழிக்கிற கேஎஸ்எச்வி, கபோசி சார்கோமாங்கற கேன்சர கொண்டு வர்ற வைரஸ், எட்டாம் நம்பர் ஹெர்பிஸ்.

நம்ம காலேஜ்ல இதுக்கு அரைப் பக்கம் கூட கிடையாது, ஞாபகம் இருக்கா? நான் ஊர்ல எட்டு வருஷம் ஹிஸ்டோபதாலஜில (திசுவ சீவி மைக்ராஸ்கோப்ல பாக்குற பிரிவு) ஸ்லைடு பாத்திருக்கேன், கபோசின்னு ஒண்ணு கூட என் கைக்கு வந்ததில்ல. இங்க வந்த முதல் வாரமே நாலு. உகாண்டாவுல ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற கேன்சர்கள்ல இதுவும் ஒண்ணு. புஸ்தகத்துல ஊதாக் கலர்ல படை மாதிரி இருக்கும்னு படம் போட்டிருந்தான், அது வெள்ளைத் தோலு. இங்க அது கன்னங்கரேல்னு தான் தெரியும், கால்ல அடிபட்ட கருப்பு மாதிரி, தொட்டா கொஞ்சம் தடிப்பா. அதனாலயே பல பேரு ஏதோ தழும்புன்னு விட்டுட்டு கால் முழுக்க வீங்குனதுக்கு அப்புறம் வர்றாங்க.

கபோசிங்கறது ஆள் பேரு தான். வியன்னாவுல தோல் டாக்டர், பொறந்தது ஹங்கேரில கபோஷ்வார்ங்கற ஊரு, அவரோட நிஜப் பேரு மோரிட்ஸ் கோன், ஊர் பேர வச்சு பேர மாத்திக்கிட்டாரு. 1872-ல அஞ்சு ஆம்பளைங்களுக்கு வந்த இந்தக் கட்டியப் பத்தி எழுதுனாரு. அதுக்கப்புறம் நூறு வருஷம் இது மத்தியதரைக்கடல் பக்கத்து வயசானவங்களுக்கும் கிழக்கு ஐரோப்பா யூதங்களுக்கும் மெதுவா வர்ற ஒரு அபூர்வ நோய், அவ்வளவு தான். ஆனா ஆப்பிரிக்காவுல அப்பவே இது அபூர்வம் இல்ல. எச்ஐவின்னு ஒண்ணு கேள்விப்படுறதுக்கு இருபது வருஷம் முன்னாடியே, 1961-ல, இதே கம்பாலாவுல கபோசிக்குன்னு தனியா ஒரு கருத்தரங்கு நடந்திருக்கு. குழந்தைகளுக்குக் கூட வந்துச்சு. உலகம் அப்ப பெருசா கண்டுக்கல.

கண்டுக்கிட்டது எப்ப? 1981-ல நியூயார்க்லயும் கலிபோர்னியாவுலயும் இருபத்தாறு ஓரினச்சேர்க்கை ஆம்பளைங்களுக்கு, அவங்க யாரும் கிழவங்க இல்ல, இந்தக் கிழவங்க நோய் வந்தப்ப தான். எய்ட்ஸோட முதல் அடையாளங்கள்ல ஒண்ணா ஆச்சு. எல்லாரும் எச்ஐவி தான் நேரடியா இதக் கொண்டு வருதோன்னு நினைச்சாங்க. அப்ப வேலரி பெரல்ங்கற அம்மா, எபிடமியாலஜிஸ்ட், அதாவது யாருக்கு எந்த நோய் வருதுன்னு கணக்குப் பாக்குறவங்க, 1990-ல அமெரிக்கக் கணக்க எடுத்து வச்சு ஒரு விஷயத்தக் காட்டுனாங்க. எய்ட்ஸ் வந்த ஓரினச்சேர்க்கை ஆம்பளைங்கள்ல 21 சதவீதம் பேருக்கு கபோசி, ஆனா ரத்தப் பொருள் ஏத்தி எய்ட்ஸ் வந்த ஹீமோஃபிலியா (ரத்தம் உறையாத நோய்) ஆளுங்கள்ல வெறும் 1 சதவீதம். ரெண்டு பேருக்கும் இருக்குறது அதே எச்ஐவி. அப்ப கூட இன்னொருத்தன் இருக்கான், அவன் ரத்தத்து வழியா அவ்வளவா வரல, வேற வழியா வர்றான். மைக்ராஸ்கோப்ப தொடாம வெறும் கணக்குல இப்படி ஒளிஞ்சிருந்தவன காட்டிக் கொடுத்தாங்க பாரு, எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது தான்.

அவனப் பிடிச்சது யுவான் சாங், பேட்ரிக் மூர்னு ஒரு புருஷன் பொண்டாட்டி. 1994, கொலம்பியா யுனிவர்சிட்டி. ஒரே நோயாளியோட கட்டியில இருந்து கொஞ்சம் டிஎன்ஏ, அவரோட நல்ல திசுவுல இருந்து கொஞ்சம் டிஎன்ஏ, ரெண்டையும் சேத்து, முறத்துல வச்சு புடைக்கிற மாதிரி, ரெண்டுலயும் பொதுவா இருக்கறத எல்லாம் தள்ளிட்டு கட்டியில மட்டும் மிஞ்சுறத பொறுக்குனாங்க. மிஞ்சுனதுல ரெண்டு துணுக்கு, ஒண்ணு 330 எழுத்து, இன்னொண்ணு அறுநூத்துச் சொச்சம். அது எதோட ஒத்துப் போச்சு தெரியுமா, எப்ஸ்டீன் பாரோடயும் ஒரு குரங்கு ஹெர்பிஸோடயும். எய்ட்ஸ் கபோசி கட்டி 27-ல தேடுனாங்க, 25-ல இருந்துச்சு. அடுத்த வருஷமே வேற ரெண்டு நோய்லயும் இதே ஆள் தான்னு வெளிய வந்துச்சு. ஒண்ணு ப்ரைமரி எஃப்யூஷன் லிம்ஃபோமா, கட்டியே இல்லாம நெஞ்சுலயும் வயித்துலயும் நீர் கோத்துக்கிட்டு அந்த நீருக்குள்ள கேன்சர் செல்லு மிதக்கும். இன்னொண்ணு மல்டிசென்ட்ரிக் கேசில்மன், நெறி கட்டி காய்ச்சல் வந்து ஆளையே உலுக்கி எடுத்துடும்.

சரி இது எப்படி கேன்சர் பண்ணுது, நீ டீச்சர், கேக்காம விட மாட்ட. வைரஸ் ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய்க்கு உள்பக்கம் போத்தியிருக்கிற செல்லுக்குள்ளயும், பி செல்லுங்கற வெள்ளையணுக்குள்ளயும் போகும். போனதும் தன்னோட டிஎன்ஏவ ஒரு வளையமா மாத்தி நியூக்ளியஸ்ல சும்மா கிடக்கும். ஆனா ஒரு சிக்கல், செல்லு ரெண்டா பிரியும்போது வளையம் தவறிப் போயிடுமே? அதுக்கு லானான்னு ஒரு புரோட்டீன் வச்சிருக்கு. அது ஒரு கையில வைரஸ் வளையத்தையும் மறு கையில நம்ம குரோமோசோமையும் பிடிச்சுக்கும். தமிழ் மேடம் மர்க்கட நியாயம்னு சொல்லித் தந்தாங்களே, குரங்குக் குட்டி தாய் வயித்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா தாய் எங்க தாவுனாலும் கூடவே போகும்னு, அச்சு அசல் அதே தான். செல்லு பிரிஞ்சா ரெண்டு பக்கமும் குட்டியும் போயிடும்.

அந்த லானாவ தான் நாங்க ஸ்டெயின் பண்ணி பாப்போம். எச் அண்ட் ஈங்கற சாதாரண ஸ்டெயின்ல ஸ்பிண்டில் செல்லு, அதாவது ரெண்டு முனையும் கூரான நீள செல்லு, கத்தை கத்தையா ஓடும், நடுவுல கீறல் மாதிரி சந்து, சந்துல சிவப்பணுக்கள் சிந்திக் கிடக்கும். அது சந்தேகத்துக்கு. உறுதி பண்றதுக்கு லானா. பாசிட்டிவ்னா ஒவ்வொரு நியூக்ளியஸ்லயும் பிரவுன் கலர்ல பொடிப் பொடி புள்ளி, ரவைய அள்ளித் தெளிச்ச மாதிரி. குட்டிக எங்கெங்க தொங்குதோ அங்கங்க புள்ளி. முதல்தடவ நாப்பது எக்ஸ்ல அதப் பாத்தப்ப ரொம்ப நேரம் கண்ண எடுக்கல நான்.

அதே லானா நம்ம செல்லுல இருக்கிற பி53, ஆர்பின்னு செல்லு கண்டபடி பெருகாம தடுக்கிற ரெண்டு காவக்காரங்களையும் மடக்கிப் போட்டுடும். அதோட இந்த வைரஸ் பரிணாமத்துல நம்மகிட்ட இருந்தே ஜீன திருடி வச்சிருக்கு. செல்லு பிரியச் சொல்ற சைக்ளின் நம்மகிட்ட இருக்கு, அதுகிட்டயும் ஒண்ணு இருக்கு, ஆனா அதோடத நிறுத்துறது கஷ்டம். அழற்சியத் தூண்டுற இன்டர்லூக்கின் 6 நம்மகிட்ட இருக்கு, அதுகிட்ட காப்பி இருக்கு, கேசில்மன்ல காய்ச்சலுக்கு அது ஒரு காரணம். சாக வேண்டிய செல்ல சாக விடாம வைக்கிறதுக்கு ஒண்ணு, புது ரத்தக்குழாய முளைக்க வைக்கிறதுக்கு ஒண்ணு. எல்லாம் நம்ம வீட்டுச் சாவிக்கே போட்ட கள்ளச்சாவி.

ஆனா எனக்கு தோணுறது என்னன்னா, இந்தக் கட்டியால வைரஸுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லடி. அது பெரும்பாலும் பரவுறது எச்சில் வழியா. இங்க பெரும்பாலும் சின்ன வயசுலயே வீட்டுக்குள்ள, அம்மாகிட்ட இருந்தோ கூடப்பொறந்ததுங்ககிட்ட இருந்தோ வந்துடுது. வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே ஆகாது, எதிர்ப்புச் சக்திங்கற காவல் சரியா இருக்குற வரைக்கும். எச்ஐவி வந்தோ, கிட்னி மாத்தி மருந்து சாப்பிட்டோ காவல் தளர்ந்தா தான் ஆட்டம். இங்க எத்தனையோ பேருக்கு வைரஸ் இருக்கு, அதுல எச்ஐவியும் வந்து சேந்ததால தான் இந்த ஊருக்கு இவ்வளவு அடி. நம்ம ஊர்ல 1986-லயே சென்னையில சுனிதி சாலமன் டாக்டரும் நிர்மலாவும் எச்ஐவிய கண்டுபிடிச்சாங்க, அப்புறம் எத்தனை பேருக்கு வந்துச்சு, ஆனாலும் கபோசி அங்க அபூர்வம், ஏன்னா இந்த எட்டாம் நம்பர் நம்ம ஜனங்ககிட்ட கம்மி. நீ உடனே பாட்டி எச்சிப் பத்து பாத்ததால தான்னு வாட்ஸ்அப்ல போட்டுடாத, அப்படி யாரும் நிரூபிக்கல.

காவல் திரும்ப வந்தா கட்டி கரையறதும் உண்டு, இது தான் மத்த பெரும்பாலான கேன்சருக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம். எச்ஐவி மருந்து ஒழுங்கா ஆரம்பிச்சாலே லேசான கபோசி பல பேருக்கு வாடிப்போகுது. கிட்னி மாத்துனவங்களுக்கு 2005-ல இத்தாலில ஒண்ணு பண்ணாங்க, எதிர்ப்புச் சக்திய அடக்குற பழைய மருந்த நிறுத்திட்டு அதே வேலைக்கு சிரோலிமஸ்னு வேற மருந்து கொடுத்தாங்க, பதினஞ்சு பேரு, மூணு மாசத்துல எல்லாருக்கும் தோல்ல இருந்தது மறைஞ்சு போச்சு, கிட்னியும் தப்பிச்சுது. முத்திப் போனவங்களுக்கு கீமோ தான், ஆப்பிரிக்காவுலயும் தென் அமெரிக்காவுலயும் ஒப்பிட்டுப் பாத்து எச்ஐவி மருந்தோட சேத்துக் கொடுக்குற பேக்லிடாக்சல் தான் மத்த ரெண்டு கீமோவ விட தேவலன்னு 2020-ல வந்துச்சு. அது வந்ததுல எனக்கு சந்தோஷம், இந்த ஊரு மாதிரி இடத்துல எது கிடைக்குமோ அத வச்சுப் பண்ண ஆராய்ச்சி.

போன மாசம் ஒரு சின்னப் பையனோட கழுத்து நெறி வந்துச்சு, ஃபார்ம்ல டிபி சந்தேகம்னு போட்டிருந்தாங்க. எச் அண்ட் ஈ பாத்ததும் எனக்கு சுருக்குன்னுச்சு. குழந்தைகளுக்கு தோல்ல ஒண்ணும் இல்லாம நெறியில மட்டும் கபோசி வரும், அத டிபின்னு நினைச்சு மாசக்கணக்கா டிபி மருந்து கொடுக்குறது நடக்குது. லானா போடணும், ஆனா அந்த ஸ்டெயினுக்கு வேணுங்கற ஆன்டிபாடி தீந்து ஆறு வாரம், ஆர்டர் எங்கயோ கஸ்டம்ஸ்ல நிக்குது, ஆபீஸ்ல கேட்டா வரும் வரும்ங்கறாங்க. நானும் எங்க பதாலஜிஸ்டும் மொபைல்ல நம்பர் தேடித் தேடி வேற ஒரு லேப்ல கெஞ்சி, பிளாக்க (மெழுகுல பதிச்ச திசுத்துண்டு) பஞ்சுல சுத்தி ஒரு போடா போடா (இங்க பைக் டாக்சிக்கு அது தான் பேரு) பைக்காரர்கிட்ட கொடுத்து அனுப்புனோம். ரெண்டு நாள்ல ஸ்லைடு வந்துச்சு. ரவை, நியூக்ளியஸ் பூரா ரவை. ரிப்போர்ட்ல கையெழுத்து ஆன அன்னைக்கே வார்டுக்கு போன் போட்டு சொல்லிட்டோம். அவன் இப்ப கீமோவுல இருக்கான், வீக்கம் இறங்குதுன்னு நர்ஸ் சொன்னா.

இங்க பக்கத்துல தான் முலாகோ குன்று, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற இடம். டெனிஸ் பர்கிட் அங்க தான் சர்ஜனா இருந்தாரு. குழந்தைங்க தாடையில வர்ற கட்டிய கவனிச்சு, அவரு அனுப்புன கட்டித்துண்டு விமானத்துல லண்டன்ல எப்ஸ்டீன்ங்கற ஆராய்ச்சியாளர்கிட்ட போய் தான் 1964-ல எப்ஸ்டீன் பார் வைரஸே கிடைச்சுது. ஒருதடவ பனிமூட்டத்துல விமானம் மான்செஸ்டருக்குப் போயிடுச்சாம், சாம்பிள் வந்தப்ப திரவம் கலங்கிக் கிடந்துச்சாம், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாம எப்ஸ்டீன் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தாரு, பாத்தா உயிரோட செல்லு மிதக்குது. நம்ம பிளாக் பைக்ல போனப்ப எனக்கு அந்த விமானம் தான் ஞாபகம் வந்துச்சு.

அம்மாவுக்கு அக்கி ஆறுனதுக்கு அப்புறமும் அதே இடத்துல எரிச்சல் இருந்தா விட்டுடாத, நரம்பு வலிக்கு தனியா மருந்து இருக்கு, கூட்டிட்டுப் போ. உன் பொண்ணு பப்ளிக் எக்ஸாம் என்னாச்சு, பயாலஜி எடுக்குறாளா கம்ப்யூட்டரா? சுண்டவத்தல் அனுப்புறேன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சுடி, டிசம்பர்ல என் தம்பி வர்றான், அவன்கிட்ட கொடுத்து விடு. நாளைக்கு கட் பண்ண இருபத்திரெண்டு பிளாக் காத்துக்கிட்டு இருக்கு, கைய கழுவிட்டு தூங்கப் போறேன்.

உன்
மல்லிகா