பாக்காவ் நடப் போகிறவர்கள் முதலில் கடலேற்ற அட்டவணையைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை 26 உலக அலையாத்திக் காடுகள் நாள். அது நெருங்கும்போது பள்ளிகளும் ஆலய இளைஞர் பிரிவுகளும் பொது இயக்கங்களும் பாக்காவ் என்னும் அலையாத்தி மரத்தை நடும் நிகழ்ச்சிகளை அறிவிப்பதைத் தங்கள் பக்கங்களில் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரங்காடியைச் சுற்றாமல் நம்மவர்கள் சேற்றில் இறங்க முன்வருவது மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் பதாகை, டீ-சட்டை, நாசி லெமாக் பொட்டலம் எல்லாம் முடிவான பிறகுதான் இடத்தையும் நேரத்தையும் யோசிக்கிறார்கள். கன்று பிழைப்பதோ அந்த இரண்டையும் பொறுத்தது.

கடலைப் பார்த்த சேற்றுத்திடல் காலியாகத் தெரிவதால் நேரே அங்கே போய் நட்டுவிடுகிறார்கள். பாக்காவ் எந்நேரமும் தண்ணீரில் நிற்கிற மரமல்ல. சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் முழுதாக வெளியே தெரிகிற மேட்டில்தான் அது வேர்பிடிக்கும். அதற்குக் கீழே நட்டால் அலை ஆட்டி ஆட்டி வேரைத் தளர்த்தும். தண்டில் தெரித்திப் என்னும் சிறு ஓட்டுயிர்கள் ஒட்டிக்கொண்டு பாரத்தில் கன்று சாயும். சுரண்டி எடுக்கப் போனால் பட்டையும் சேர்ந்து உரியும். பக்கத்தில் தானாக முளைத்த கன்றுகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று பார்த்தாலே போதும், நடும் இடம் தெரிந்துவிடும். ஒன்றுகூட முளைக்காத இடத்தில், ஏன் முளைக்கவில்லை என்று தெரியாமல் நடக்கூடாது.

அந்தத் திடல் காலியும் அல்ல. செபராங் பிறையில் தெலுக் ஆயர் தாவார் முதல் கோலமூடா வரையுள்ள சேற்றுக்கரைக்குச் செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை வடக்கிலிருந்து கரைப்பறவைகள் வருகின்றன. உலகிலேயே அரிதாகிவிட்ட நோர்ட்மன் பச்சைக்காலியும் அவற்றில் உண்டு. வற்றம் இருக்கும் சில மணி நேரத்தில் புழுவும் சிறு சிப்பியும் தின்று அவை உடம்பு தேற்றியாக வேண்டும். அங்கே மரம் நட்டு அது பிழைத்தாலும் பறவைக்கு நட்டம், செத்தால் இரண்டுக்கும் நட்டம். கூட்டமாக நடந்து பறவைகளைக் கிளப்பிவிடுவதும் அப்படித்தான்.

அடுத்து நேரம். கடலேற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் அது ஏறக்குறைய 6 மணி நேரமாகிவிடும். இந்த ஞாயிறு காலை 8 மணிக்கு வற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே 8 மணிக்கு ஏற்றம். இது தெரியாமல் வாரந்தோறும் ஒரே நேரம் என்று அறிவித்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கிறார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வைத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரும், வற்றம் சற்று முன்னதாக மட்டும் வரும். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, அது முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் தண்ணீர் அதிகம் இறங்கும், அதே வேகத்தில் திரும்பியும் வரும்.

நடும் முறையில் நடக்கும் தவறுகள் சின்னவைதான், ஆனால் கன்றைக் கொல்பவை. முருங்கைக்காய் போல் நீண்ட பாக்காவ் விதையின் கூரான அடிநுனி கீழே போக வேண்டும். தலைகீழாகக் குத்துபவர்கள் நிறைய. 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் போதும், கன்றுக்குக் கன்று ஒரு மீட்டர் இடைவெளி. பறித்த விதையை நிழலில் ஒரு வாரம் வாடவிட்டால் நண்டு அவ்வளவாகக் கடிக்காது. பையில் வளர்ந்த கன்றானால் பையைக் கிழித்துக் கையோடு எடுத்து வாருங்கள். காட்டுக்கு உதவப் போய்ச் சேற்றில் பிளாஸ்டிக்கைப் புதைத்துவிட்டு வருகிற வேடிக்கை இன்னும் நடக்கிறது. குச்சியோடு ராஃபியா கயிற்றை இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கயிறே அறுத்துவிடும்.

உண்மையைச் சொன்னால், நடுவதைவிட முக்கியமான வேலை வேறு இருக்கிறது. கடல்நீர் வந்துபோகும் ஓடை அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிட்டால், அருகில் தாய்மரம் இருக்கும் இடங்களில் கடலே விதையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதற்குக் காட்டிலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆகியவற்றின் அனுமதி வேண்டும், சொந்தமாக மண்வெட்டியோடு இறங்கக்கூடாது. அடுத்தது வலை. அப்பி-அப்பி என்னும் இன்னொரு அலையாத்தி மரத்தடியில் பென்சில் பென்சிலாக மேலே நீட்டியிருப்பவை மூச்சுவேர்கள். அவற்றில் சிக்கிய பழைய மீன்வலையைப் பிடித்து இழுத்தால் வேர்கள் வரிசையாக ஒடியும். குந்தி உட்கார்ந்து, கொக்கிக் கத்தியால் ஒரு முழம் ஒரு முழமாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். வலைக்குள் பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டு உயிரோடு கிடந்தால் ஓட்டின் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள், வாலைப் பிடிக்காதீர்கள்.

நிபோங் தெபால் கிரியான் ஆற்றங்கரைக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே மின்மினிகள் கூடுவது பெரெம்பாங் மரத்தில். அவற்றின் புழுக்களோ கரையோர ஈரத்தில் நத்தையைத் தின்று வளர்கின்றன. சுத்தம் செய்கிறோம் என்று புதரை மொட்டையடித்தால் மின்மினியும் போய்விடும்.

உடற்பயிற்சிக்காக வருபவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். சேற்றில் ஒன்றரை மணி நேரம் நடந்து, குந்தி, குப்பை சுமந்தால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் கிடைக்கும் வேலை சாதாரணமல்ல. கால் புதைந்தால் நேரே மேலே இழுக்காதீர்கள், முழங்கால்தான் பிடித்துக்கொள்ளும். குதிகாலை இடவலமாக அசைத்துக் காற்று உள்ளே போகவிட்டு, முன்பக்கம் சாய்ந்து எடுங்கள். சேறு ஏறிய வலை ஈயமாகக் கனக்கும், ஒரு பைக்கு 10 கிலோவுக்கு மேல் போடாமல் வரிசையாக நின்று கைமாற்றிவிடுவதே இடுப்புக்கு நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் கரையிலேயே குப்பையைப் பிரித்து எடை போடலாம், அதுவும் தேவையான வேலைதான்.

காலணிக்கு விலை உயர்ந்த பூட்ஸ் வேண்டாம், அதைச் சேறு கழற்றி வைத்துக்கொள்ளும். தோட்டப்புறத்தில் நம் பெரியவர்கள் பால்மரம் வெட்டப் போட்டுப்போன கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான் ‘அடிடாஸ் கம்போங்’, இறுக்கமான காலுறையோடு போட்டால் கழலாது. வெறுங்கால் கூடவே கூடாது. நம் சமூகத்தில் இனிப்புநீர் உள்ளவர்கள் அதிகம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கண்ணாடி கீறியதே தெரியாது. திறந்த புண் உள்ளவர்கள் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் சேற்றுத் தண்ணீர் வழியாகவும் வரும். செம்பிலாங் மீன் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அந்த இடத்தை வைத்திருங்கள், பிறகு கிளினிக்குக்குப் போங்கள். ஆகவே ஒரு பிளாஸ்க் வெந்நீர் முதலுதவிப் பெட்டியோடு இருக்கட்டும். இடி கேட்டால் வேலையை அப்படியே விட்டுக் கரையேற வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய நிகழ்ச்சி அறிவிப்புகளை வெளியிடும்போது அன்றைய வற்ற நேரம், நடும் இடத்துக்குப் பெற்ற அனுமதி, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் திரும்பிப் போய்க் கன்றுகளைப் பார்க்கப்போகும் தேதி ஆகியவற்றையும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுச் சேர்த்து வெளியிடுங்கள். நடுவிழாப் படத்துக்குத் தரும் இடத்தில் பாதியை அந்த ஆறாம் மாதப் படத்துக்கு ஒதுக்கினாலும் நல்லது.

இப்படிக்கு,
தன்னார்வலர்கள் சிலர் சார்பில் ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு.