சுவரின் நடுவே இருப்பது

ஆசிரியருக்கு வணக்கம்.

கைவிடப்பட்ட ஆர்மீனிய மடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் துருக்கியிலுள்ள க்த்ஸ்கோங்க் மடத்தையும் சேர்த்திருந்தீர்கள். தமிழில் அந்தப் பெயரை அச்சில் பார்ப்பதே அரிது, மகிழ்ச்சி. ஆனால் அந்த மடத்தின் ஐந்து தேவாலயங்களும் ‘சாந்தே இல்லாமல், கல்லோடு கல்லைக் கவ்வவைத்துக் கட்டியவை’ என்று கட்டுரை சொல்வது தவறு. சின்னப் பிழை என்று விட்டுவிட முடியவில்லை. அவற்றில் ஒன்று மட்டும் இன்னும் நிற்பதற்குக் காரணமே அந்தச் சாந்துதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர் ஏமாறுவது இயல்பு. கற்களின் சந்தில் நகக்கண்கூட நுழையாது. ஆனால் அது முழுக்கல் சுவர் அல்ல, மூன்றடுக்குச் சுவர்: வெளிப்புறம் ஒரு கல்தோல், உட்புறம் ஒரு கல்தோல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்து இறுகிய காரை. தோலுக்குப் பயன்பட்டது டஃப் என்னும் எரிமலைக் கல். வெட்டியெடுத்த புதிதில் எளிதாகச் செதுக்க வரும், காற்றுப்பட்டதும் கெட்டிப்படும். முகத்தை மட்டும் வழவழவென்று இழைப்பார்கள். முதுகைக் கரடாகவே விட்டு, ஓரங்களைப் பின்பக்கமாகச் சரித்துக் கொத்துவார்கள். அதனால் பக்கத்துக் கல்லோடு முகத்தின் விளிம்பு மட்டுமே ஒட்டும், பின்னால் ஆப்பு வடிவில் இடைவெளி இருக்கும். இரண்டு தோலையும் ஒரு வரி ஏற்றி, நடுவே காரையைக் கொட்டி நிரப்பினால் அந்த இடைவெளிக்குள் காரை புகுந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும். அது இறுகிய பிறகு அடுத்த வரி. தோல் ஒருவகையில் காரைக்கு அச்சுப்பலகை. வேலை முடிந்த பிறகும் அதைக் கழற்றுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சுமையைப் பெரும்பாலும் தாங்குவது காரை.

இனி க்த்ஸ்கோங்கைப் பாருங்கள். துருக்கியின் கார்ஸ் மாகாணத்தில் திகோர் ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. துருக்கியப் பெயர் பெஷ் கிலிசே, அதாவது ஐந்து தேவாலயம். 1878இல் கார்ஸ் ரஷ்யர் கைக்குப் போன பிறகு மடம் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி வழிபாட்டுக்கு வந்தது. 1920இல் அந்தப் பகுதியைத் துருக்கி மீண்டும் பிடித்ததும் ஆளற்றுப்போனது. அதற்கு முன் எடுத்த படங்களில் ஐந்தும் தெரிகின்றன. 1959இல் பிரெஞ்சு கலை வரலாற்றாசிரியர் ழான்-மிஷேல் தியெரி போனபோது நான்கு இல்லை. இராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது என்று ஊரார் அவரிடம் சொன்னார்கள். 1024இல் கட்டிய புனித சர்கிஸ் தேவாலயம் மட்டும் பக்கச் சுவர்களில் பெரும் பிளவுகளோடு நின்றது, இன்றும் நிற்கிறது.

கட்டுரையாளர் ‘நிலநடுக்கத்தால் அழிந்தவை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சர்கிஸ் தேவாலயத்தின் காயத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. நிலம் ஆடினால் முதலில் ஆபத்து உச்சிக்குத்தான். குவிமாடமும், அதைத் தாங்கும் உருளையான கழுத்தும்தான் அதிகம் உலுக்கப்படும். அருகிலுள்ள ஆனி என்னும் பழைய ஆர்மீனியத் தலைநகரின் பேராலயத்தில் 1319 நிலநடுக்கத்தில் விழுந்தது குவிமாடம், சுவர்கள் நின்றன. இங்கே தலைகீழ். கழுத்தும், மடித்த குடைபோன்ற கூரையும் அப்படியே இருக்கின்றன, கீழே சுவர்கள் வெளிப்பக்கமாகப் பிதுங்கிச் சிதறியிருக்கின்றன. உள்ளிருந்து வந்த அழுத்தத்தின் தடம் அது.

அத்தனைக்குப் பிறகும் குவிமாடம் விழாததற்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, அமைப்பு: உள்ளே சிலுவை, வெளியே வட்டம், சிலுவையின் கைகளுக்கு நடுவே மூலை அறைகள். எடை ஒரே சுவரில் இறங்காமல் பல வழியாக இறங்குகிறது. இன்னொன்று, அந்தக் காரை. ஒரே கட்டியாக இறுகிப்போனதால், ஓட்டை விழுந்த இடத்துக்கு மேல் அது தானே வளைவுபோல நின்று சுமையை இருபக்கமும் தள்ளிவிடுகிறது. சாந்தில்லாத அடுக்குக் கல்லாக இருந்திருந்தால் கீழே நான்கு கல் நழுவியதும் மேலே உள்ளதெல்லாம் வரிசையாக இறங்கியிருக்கும்.

அதே காரைதான் அதன் பலவீனமும். மழைநீர் உள்ளே போகாதவரை அதற்கு ஆயுள் கெட்டி. கூரையில் சாந்தில் பதித்த கற்பலகை ஒன்று நழுவினால் போதும், அந்த இடத்தில் மண் சேரும், புல் முளைக்கும், வேர் நீரை உள்ளே இழுக்கும். கார்ஸ் நகரமே கடல்மட்டத்துக்கு 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கு 20 பாகை கீழே போவது அங்கே சாதாரணம். உள்ளே தேங்கிய நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்து, தோலைக் காரையிலிருந்து பெயர்க்கிறது. இது மேலிருந்து வரும் கேடு. கீழே, கைக்கு எட்டும் உயரம்வரை செதுக்கிய கல்லை வீடு கட்ட எடுத்துப் போய்விடுவார்கள். அந்தப் பகுதிச் சிதிலங்களில் அடி குறுகி, மேல் பருத்து, காளான்போல நிற்கும் சுவர்கள் இப்படி உண்டானவை.

ஆகவே ‘சிமென்ட் பூசியாவது காப்பாற்றலாமே’ என்ற கட்டுரையாளரின் ஆதங்கம் புரிந்தாலும், தயவுசெய்து வேண்டாம். சிமென்ட் டஃப் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது, உப்பையும் கொண்டுவரும். ஓதம் பூச்சு வழியே போக முடியாமல் கல் வழியே வெளியேறும். உப்புப் பூத்துக் கல் பொருக்குப் பொருக்காக உதிரும், பூச்சு மட்டும் பத்திரமாக இருக்கும். செடிகளைப் பிடுங்குவதும் ஆபத்து, வேரோடு காரையும் பெயர்ந்து வரும். வெட்டிவிட்டு, வேர் பட்டுக் காய்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும். முறை இதுதான்: பிளவுகளுக்கு மரமுட்டு, பிறகு கூரையில் நீரை நிறுத்துவது, சுவர் உலர்ந்ததும் உள்வெற்றிடங்களில் சுண்ணாம்புக் குழம்பு செலுத்துவது, கடைசியில் முகக்கல், அதாவது வெளித்தோல். பார்வைக்கு அழகாகத் தெரிவது முகக்கல் என்பதால் பலரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

கவித் என்பது மணிக்கூண்டு என்றும் எழுதியிருக்கிறது. அல்ல, தேவாலயத்தின் மேற்கே ஒட்டிக் கட்டும் மண்டபம் அது. கூடிப் பேசவும் பெரியவர்களை அடக்கம் செய்யவும் பயன்பட்டது. ஆனிக்கு அருகே, அதுவும் ஆளற்றுக் கிடக்கும் ஹொரோமோஸ் மடத்தில் 1038இல் கட்டிய மண்டபம், தேதி தெரிந்தவற்றில் மிகப் பழையது. நான்கு தூண், நடுவே செதுக்கிய கற்பலகைகளால் கூம்பிய விதானம், உச்சியில் வெளிச்சத் திறப்பு. மரத்தை அடுக்கிக் கூரை எழுப்பி உச்சியில் புகைபோக விட்ட நாட்டுப்புற வீட்டின் கல்வடிவம் என்றே சொல்லலாம்.

சென்னை அரண்மனைக்காரன் தெரு தேவாலயத்தை ‘இதே பாணி’ என்றதும் பொருந்தாது. (‘ஆர்மீனியன்’ என்பது நம் வாயில் ‘அரண்மனைக்காரன்’ ஆனது தனிச் சுவை.) 1772இல் எழுந்த அந்தக் கட்டடத்தில் டஃப் கல்லும் இல்லை, கழுத்தின் மேல் கூம்புக் கூரையும் இல்லை.

கடைசியாகப் படம். க்த்ஸ்கோங்க் என்று அச்சிட்டிருப்பது கிழக்குத் துருக்கியில் ‘வான்’ என்னும் ஏரியின் தீவிலுள்ள அக்தமார் தேவாலயம். 915 முதல் 921 வரை கட்டியது, பழுதுபார்த்து இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. வெளிச்சுவரில் ஆதாம், ஏவாள், மீனின் வாயில் யோனா என்று சிற்பங்கள் நிறைந்திருந்தால் அது அக்தமார். வெளியே வட்டமாக, தலையில் மடிப்புக் குடையோடு, பக்கச் சுவரில் வானம் தெரிந்தால் அது சர்கிஸ். அடுத்த இதழில் சரியான படத்தைப் போட வேண்டுகிறேன்.

— பழங்கட்டடப் பொறியாளர் ஒருவர், மதுரை