பதினைந்து வார உழைப்பும் ஏழு நாள் லாகினும் ஒன்றா?

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, பெரிய குழுவாகப் போராடி வெல்ல வேண்டிய ரெய்டு கியரை (ஆயுதம், கவசம்) ஈவென்ட் பரிசாகக் கொடுத்தது குறித்துப் புகார்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஆன்லைன் விளையாட்டை மூன்று வருடமாக ஆடி வருகிறேன். ஒரு மாதச் சந்தாகூடத் தவறியதில்லை. உங்களுக்குப் புகார் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் சேர்ந்து ஆடும் குழுவான எங்கள் கில்டில் இருபது பேர். நான் ஹீலர், மற்றவர்களின் உயிரை நிரப்புபவள். இந்த சீசனின் கடைசி பாஸை, அதாவது ரெய்டின் பெரிய எதிரியை, வீழ்த்த எங்களுக்குப் பதினோரு வாரம் ஆனது. வாரத்துக்கு மூன்று இரவு, இரவுக்கு மூன்று மணி நேரம். கூட்டினால் 99 மணி நேரம். ஒரு இரவு பாஸின் உயிர் இரண்டு சதவீதத்துக்கு வந்துவிட்டது. என் மனா (மந்திர சக்தி) தீர்ந்தது, எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் விழுந்தார், வரிசையாக எல்லோரும் விழுந்தோம். கொஞ்ச நேரம் ஹெட்செட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் டேங்க்தான், "சரி, இன்னொரு தடவை போகலாம்" என்றார். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர் அவர்.

பாஸ் விழுந்த பிறகும் எனக்கான கைத்தடி உடனே கிடைக்கவில்லை. நான்கு வாரம் கழித்துத்தான் பாஸ் விட்டுப்போகும் லூட்டில் வந்தது. அதை எடுக்கக்கூடிய இன்னும் இரண்டு பேர், "இது ஹீலர்கிட்ட இருக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தார்கள். அந்த நீல ஒளியைப் பார்த்துக்கொண்டே ஊர் நடுவில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

ஒன்பது நாள் கழித்து உங்கள் பேட்ச் (அப்டேட்) வந்தது. ஏழு நாள் லாகின் செய்து, தினமும் கால் மணி நேரத்தில் முடிகிற ஒரு வேலையைச் செய்தால் அதே கைத்தடி. அதே பெயர், அதே நீல ஒளி. கியரின் வலிமையைக் காட்டும் ஐட்டம் லெவல் மட்டும் ஐந்து கூடுதல். மொத்தத்தில் இரண்டு மணி நேர வேலைகூட இல்லை.

எளிதாகக் கியர் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தாமதமாக வருகிறவர்களுக்குக் கைகொடுக்காவிட்டால் யாரும் புதிதாக வரமாட்டார்கள். பழைய கில்டுகளும் ஆள் இல்லாமல் காய்ந்துபோகும். ஆனால் நீங்கள் கொடுத்த விதம் புதியவர்களுக்கும் நல்லது செய்யவில்லை. என் தம்பி போன மாதம்தான் ஆட ஆரம்பித்தான். ஈவென்ட் கைத்தடி கிடைத்ததும் அவனுடைய ஐட்டம் லெவல் ஏறியது, உடனே ஒரு ரெய்டு குழு சேர்த்துக்கொண்டது. தரையில் சிவப்பு வட்டம் வந்தால் விலக வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஐந்தே நிமிடத்தில் திட்டி வெளியே தள்ளிவிட்டார்கள். "நான் என்ன தப்புப் பண்ணினேன் அக்கா?" என்று கேட்டான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. இவ்வளவு நாள் ஒருவரின் கியரைப் பார்த்தால் அவர் எதையெல்லாம் கடந்து வந்தவர் என்று ஓரளவு தெரியும். குழுவுக்கு ஆள் எடுப்பவர்கள் அதை நம்பித்தான் எடுக்கிறார்கள். இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் 2007இல், ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதும் அரீனா ஆட்டம் வாரம் பத்து ஆடினால், தோற்றாலும் புள்ளி சேரும். அந்தப் புள்ளியில் உயர்ந்த கியர் வாங்கலாம். ஆட்டக்காரர்கள் அதற்கு 'வெல்ஃபேர் எபிக்' (இனாமாக வந்த உயர்ந்த கியர்) என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதே வருடக் கடைசியில் ஆயுதத்துக்கும் தோள் கவசத்துக்கும் குறைந்தபட்ச ரேட்டிங் (வெற்றி தோல்வியால் ஏறி இறங்கும் மதிப்பெண்) வேண்டும் என்ற விதி வந்தது. 2011இல் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ரெய்டு ஃபைண்டரைக் கொண்டுவந்தபோது, அதில் கிடைத்த கியரின் லெவல் 384. சாதாரண ரெய்டில் 397, அதைவிடக் கடினமான ஹீரோயிக்கில் 410. நிறமும் வேறு. புதியவர்களும் கதையின் முடிவைப் பார்த்தார்கள், கஷ்டப்பட்டவர்களின் கியருக்கும் மதிப்பு இருந்தது. உங்களாலும் இது முடியாதது இல்லை.

அதனால், ஈவென்ட் கியரைத் திரும்பப் பிடுங்காதீர்கள். என் தம்பியிடமிருந்து அதை எடுப்பதும் அநியாயம்தான். அதன் லெவலை ரெய்டு கியருக்குக் கீழே வையுங்கள், ஒளியின் நிறத்தை மாற்றுங்கள். அடுத்த சீசனிலிருந்து இப்படிப்பட்ட கியர் எந்தத் தேதியில் வரும் என்பதை சீசன் தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கள். தேதி தெரிந்திருந்தால், எத்தனை இரவு கண்விழிப்பது என்பதை நாங்களே முடிவு செய்திருப்போம்.

விளையாட்டுக்குள்ளேயே இதைப் பற்றி இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. எங்கள் டேங்க் போன வாரம் சந்தாவை நிறுத்திவிட்டார். என் சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள், இந்தக் கடிதத்தை முழுவதும் படித்த ஒருவரிடமிருந்து பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூன்று வருட வாடிக்கையாளர்