செயலாளர் ஆண்டறிக்கை – 2025: இரு நாடுகள் தீர்வு பற்றிய படிப்பு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இஸ்ரேல், பாலஸ்தீனம் என இரு நாடுகள் அருகருகே அமைய இன்னும் வழி இருக்கிறதா என்பதே நமது வாசிப்பு வட்டம் இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பொருள். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலும் அதன்பின் காசா அழிந்ததும் இரு தரப்பிலும் நம்பிக்கையைக் கருக்கிவிட்டன. ஆயினும் இவ்வாண்டு செப்டம்பர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில், இரு நாடுகள் தீர்வை வலியுறுத்தும் நியூயார்க் பிரகடனத்தை 142 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை 10. அதே மாதம் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகியவை பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. இந்தியா 1988லேயே அங்கீகரித்துவிட்டது.

பெரும்பாலான அமர்வுகள் வரைபடத்தோடுதான் கழிந்தன. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்த 1995 ஓஸ்லோ-2 ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ (பாலஸ்தீன நிர்வாகம்), பி (பாலஸ்தீன நிர்வாகம், பாதுகாப்பில் இஸ்ரேலுக்கும் பங்கு), சி (முழு இஸ்ரேலியக் கட்டுப்பாடு) என்று பிரித்தது. ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடாக வந்த அந்தப் பிரிவினை இன்றும் நீடிக்கிறது. சுமார் 60 சதவீதமான சி பகுதி தொடர்ச்சியான நிலம். ஏயும் பியும் அதற்குள் சிதறிய துண்டுகள். துண்டுகளுக்கிடையே சாலை போட, குழாய் பதிக்க இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

அடுத்தது நில மாற்று. 1967 போருக்கு முந்தைய எல்லையை ஒட்டி மேற்குக் கரையில் உள்ள பெரிய யூதக் குடியேற்றங்களை இஸ்ரேல் வைத்துக்கொண்டு, ஈடாக நிலம் தருவது. இரு தரப்புப் பிரமுகர்கள் அதிகாரபூர்வமற்ற முறையில் எழுதிய 2003 ஜெனீவா வரைவில் இது மேற்குக் கரை நிலத்தில் சுமார் 2 சதவீதம். 2008இல் அன்றைய இஸ்ரேலியப் பிரதமர் ஓல்மெர்ட் முன்வைத்தது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். ஈடாகத் தருவதாகச் சொன்னது 6க்குச் சற்றுக் கீழ், அதோடு காசாவை மேற்குக் கரையுடன் இணைக்கும் பாதை. சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆரியேல் என்ற குடியேற்றம் எல்லையிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. உள்ளே இருக்கிறது, அதைச் சேர்க்க நீளும் விரல் போன்ற நிலம் பாலஸ்தீன ஊர்களைப் பிரித்துவிடும். ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் இடையே உள்ள 'இ1' என்ற நிலப்பகுதி வெறும் 12 சதுர கி.மீ. ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற சுமார் 3,400 வீடுகள் அங்கே எழுந்தால் ரமல்லா, கிழக்கு ஜெருசலேம், பெத்லகேம் தொடர்பு அறுபடும். இந்த ஆண்டின் மிகக் கவலைதரும் முடிவு இதுவே என்பது நமது கணிப்பு.

2005இல் காசாவிலிருந்து சுமார் 8,000 குடியேறிகளை வெளியேற்றவே இஸ்ரேல் திணறியது. நில மாற்று நடந்தாலும் மேற்குக் கரையிலிருந்து வெளியேற்ற வேண்டியவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

அகதிகள், ஜெருசலேம் புனிதத்தலங்கள் பற்றி ஓர் அமர்வே நடந்தது, அது போதாது.

நவம்பர் 17இல் நிறைவேறிய பாதுகாப்புச் சபைத் தீர்மானம் 2803 பாலஸ்தீன நாட்டுக்கான பாதையைக் குறிப்பிடுகிறது, ஆனால் காலவரையறை இல்லை. இஸ்ரேலிய நாடாளுமன்றம் 2024 ஜூலையிலேயே 68க்கு 9 என்ற கணக்கில் அந்நாட்டை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. பாலஸ்தீனரோ 2006க்குப் பின் நாடாளுமன்றத் தேர்தலையே காணவில்லை.

அடுத்த ஆண்டுக்கு 1994 பாரிஸ் பொருளாதார ஒப்பந்தத்தை எடுக்கச் செயற்குழு முன்மொழிகிறது. பாலஸ்தீனரின் சுங்க வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதம் பிடித்துக்கொண்டு மாதந்தோறும் தர வேண்டும். அது நிறுத்தப்படும்போதெல்லாம் ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் முழுச் சம்பளம் கிடைப்பதில்லை.

இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்