முந்திரிகைத் தடி

அன்புள்ள பிள்ளைக்கு,

"வலன்டைன்ஸ் பார்க் அப்படியேதான் இருக்கா அப்பா?" என்று கேட்டாய். பதில் சொல்ல முதல் பேரன் அழுகிறான் என்று போனை வைத்துவிட்டாய். அதுதான் எழுதுகிறேன். அவன் நித்திரை கொள்ளும் நேரம் வாசி.

பார்க் இருக்கு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பார்க்ரன் என்று எல்லாரும் சேர்ந்து ஓடுகிறார்கள். நானும் போகிறேன். ஓடுவதற்கு இல்லை, கொம்மா தந்துவிடும் தேத்தண்ணியோடு வாங்கில் இருந்து மற்றவர்கள் மூச்சு வாங்குவதைப் பார்க்க. நீ சின்னனில் வாத்துக்குப் பாண் பிய்த்துப் போட்ட குளமும் அங்கேதான். அங்கால் ஒரு புல்வெளிக்கு மெல்பர்ன் ஃபீல்ட்ஸ் என்று பெயர். நீ போய்க் குடியேறின ஊர், பெயராக எங்கட கிழக்கு லண்டன் இல்ஃபர்டிலேயே இருந்திருக்கு. அந்த நேரம் நான் கவனிக்கவே இல்லை.

வந்த புதிதில் அந்த வளவுக்குள் காலடி வைக்கவே எனக்குப் பயம். பூட்டிக் கிடந்த பெரிய வீடு, உயர்ந்த மதில், யாரோ துரையின்ர காணியாக்கும், பிடித்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கேன்டர்பரி பேராயர் டில்லட்சனின் மனைவி எலிசபெத், அவர் செத்த பிறகு, 1690களில் கட்டின இந்த வீட்டில் இருந்தாவாம். 1724இல் ராபர்ட் சர்மன் வாங்கினார். சவுத் சீ கொம்பனியின் துணைக் காசாளர். அந்தக் கொம்பனியின் பங்கு விலை 1720இல் கவிழ்ந்து எத்தனையோ பேர் ஆண்டியானார்கள். சீட்டுக் கவிழ்ந்த பிறகு சீட்டுக்காரன் மட்டும் வீடு கட்டுவதை நாங்களும் கண்டிருக்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் நாங்கள் நடந்து திரிந்த நீளமான வாய்க்காலும், கல்லுக் குகைகளும், மதில் கட்டின தோட்டமும் அந்த ஆள் செய்வித்தவைதான்.

1754இல் சார்ல்ஸ் ரேமண்ட் வாங்கினார். கிழக்கிந்தியக் கொம்பனிக் கப்பல் கப்டன். மெட்ராசில் கோட்டை வைத்திருந்த அதே கொம்பனி. இந்தியாவுக்குப் போய்வந்து சேர்த்த காசு. அதை நினைத்த பிறகுதான் எனக்கு அந்தப் புல்லில் கால் நீட்டி இருக்கக் கூச்சம் விட்டது.

நான் சொல்ல வந்தது அவரின்ர காலத்து முந்திரிகைக் கொடியைப் பற்றி. லண்டன் பிள்ளைகள் திராட்சை என்பீர்கள். 1768இல் அதில் ஒரு தடி வெட்டி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குக் கொண்டுபோய், அரச தோட்டக்காரர் கேப்பபிலிட்டி பிரௌன் நட்டார். அப்பப்பா வீட்டில் கிணற்றடிப் பந்தலுக்கு இப்படித்தான் பக்கத்து வளவில் தடி வாங்கி நட்டது. கணு இரண்டு மண்ணுக்குள் போகவேண்டும் என்று அவர் விரல் வைத்துக் காட்டுவார். இல்ஃபர்டின் தாய்க்கொடி இப்போது இல்லை. பிள்ளைக்கொடி 250 வருசம் தாண்டி நிற்கிறது, உலகத்திலேயே பெரிய முந்திரிகையாம்.

அந்த வீட்டில் கடைசியாக இருந்தவ சாரா இங்கிள்பி. அவ விற்ற காணியில்தான் 1899இல் பார்க் திறந்தது. வீட்டை 1912இல் கவுன்சில் எடுத்தது. 2009இல் திருத்தித் திறந்தபோது நீ பரீட்சை என்று வரவில்லை. கிரிக்கெட் திடலும் இருக்கு, ஆனால் எசெக்ஸ் கவுண்டி அணி 2002க்குப் பிறகு விளையாட வரவில்லை. மெட்ராசில் பிறந்த, இங்கிலாந்து அணியின் பழைய கப்டன் நாசர் ஹுசைன் வளர்ந்தது எங்கட ஊரில் என்று நான் சொல்லத் தொடங்கினாலே நீ காதைப் பொத்துவாய், விடு.

போன செப்டம்பர் கொம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹாம்ப்டன் கோர்ட் போனேன். கொடி கண்ணாடி வீட்டுக்குள்ளே, வேர் வெளியிலே. அந்த வேருக்காக வெளியில் ஒரு புல்லும் முளைக்க விடாமல் நிலத்தை வெறுமனே போட்டிருக்கிறார்கள். நான் அந்த வெறும் மண்ணைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கொம்மா பழம் விற்கிற இடத்துக்குப் போய்விட்டா. கறுத்தப் பழம், தோல் மெல்லிசு, நல்ல இனிப்பு. விதை இருக்கு என்று ரயிலில் வீடு வரும்வரை முறைப்பாடு.

அடுத்த முறை செப்டம்பரில் வரப் பார். பேரனுக்கு விதை எடுத்துத்தான் கொடுக்கவேண்டும்.

அப்பா