பெயர் எழுதாத தட்டும் திருட்டுப் பட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளிக் கடற்கரைக்குப் பின்னால் உள்ள பொதுவெளியில் நாங்கள் சிலர் தட்டெறிந்து கூடைக்குள் போடும் டிஸ்க் கோல்ஃப் விளையாடுவதைப் பற்றி, கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே திரியும் பெடியள் தட்டுகளைத் திருடுகிறார்கள், இடத்தை வேலி போட்டு அடைத்துப் பொலிஸிலும் முறையிட வேண்டும் என்பது அவர் கருத்து. எங்களுக்காகப் பரிந்து பேசியிருக்கிறார், நன்றி. ஆனால் அங்கே அதிகம் தட்டுகளைத் தொலைத்தவன் நான். இரும்புக் கூடைகளை வெல்டிங்கில் ஒட்டியவனும் நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், பெடியளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியது சரியில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோல்ஃப் மாதிரித்தான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறியில் கூடைக்குள் போடுபவர் வென்றார். அமெரிக்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். அங்கே முதலில் இலக்காக நின்றது வெறும் கம்பம்தான். தட்டு பட்டது, படவில்லை என்று ஓயாத வாக்குவாதம். அதற்கு முடிவு கட்டத்தான் சங்கிலிக் கூடை பிறந்தது, 1977இல் காப்புரிமையும் கிடைத்தது. ஒட்டுப் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் எனக்கு அந்தக் கூடையின் மேல் தனி மரியாதை.

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் மகன் போன வருடம் வந்தபோது ஒரு பை நிறையத் தட்டுகள் கொண்டுவந்தான். கூடையை விமானத்தில் கொண்டுவர முடியுமா? சைக்கிள் ரிம், பழைய பைப், சங்கிலி என்று பட்டறையில் கிடந்ததை வைத்து ஆறு கூடைகளை நானே ஒட்டினேன். சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் திடல் இருக்கிறது. அங்கே பந்து தொலைந்தால் அது திடலுக்குள்ளேதான் கிடக்கும். எங்கள் இடம் அப்படியல்ல. மாடு மேயும், வலை காயும், வெள்ளைக்காரர் குறுக்கே நடப்பார்கள். மே மாதம் தென்மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் உயரத்துக்கு எறிந்த தட்டு நேரே கடலுக்குத்தான் போகும்.

முதலில் தொலைந்தது ஒரு சிவப்புத் தட்டு. இரண்டு நாள் தேடினோம். 'உந்தப் பெடியள்தான்' என்று நானும் சொன்னேன், பொய் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் கரைவலைக்காரர் வீட்டு முற்றத்தில் அதைக் கண்டேன். கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். "கடல் கொண்டந்து போட்டதெண்டு நினைச்சன் தம்பி. நல்ல பாரமான தட்டு, கோழி பிரட்டாது" என்றார் அந்த ஆச்சி. கழுவித் துடைத்துத் தந்தார். திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆச்சி யாரைத் தேடிப்போவது?

கனடாவில் ஒரு தட்டு 20 டொலர் அளவில் விற்கிறது, நம் காசில் நாலாயிரம் ரூபாவுக்கு மேல். இங்கே கடைகளில் நான் தேடிக் கிடைக்கவில்லை. அதனால் தொலைத்தவனுக்கு வயிறு எரியும், உண்மை. ஆனால் எடுத்தவன் அதை யாருக்கு விற்பான்? பெடியன் ஒருவன் அதை எடுத்துப்போனால் எறிந்து விளையாடத்தான் எடுத்துப்போகிறான். கனடாவிலும் அமெரிக்காவிலும் கதை வேறு என்கிறான் மருமகன். அங்கே குளத்தில் விழுந்த தட்டுகளை மூழ்கி எடுத்து, அடியில் இருக்கும் பெயரை ஸ்பிரிட்டால் துடைத்து விற்பவர்கள் உண்டாம்.

என் பட்டறைக்கு கேற் செய்விக்க வந்த வழக்கறிஞர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். 1883ஆம் ஆண்டின் நம் தண்டனைச் சட்டக்கோவையில் 386ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது என்றார். கீழே கிடந்ததை எடுத்தது மட்டும் குற்றம் ஆகாது. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும் தனக்கென்று வைத்துக்கொண்டால்தான் குற்றம். தெருவில் கிடந்த ஒற்றை ரூபாயும் முகவரி எழுதிய கடிதத்துக்குள் இருந்த பணமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. அப்படியென்றால் பெயரில்லாத தட்டு ஒற்றை ரூபாய், பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய தட்டு கடிதம். பெயரைத் துடைப்பவன் தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அன்றிரவே அழியாத மார்க்கர் பேனை வாங்கி, பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி இலக்கத்தையும் போட்டேன். பிறகு நாலு தட்டுகள் தொலைந்தன. மூன்றுக்கு அழைப்பு வந்தது. ஒன்று நிலாவெளியில் இருந்து, அது எப்படி அங்கே போனது என்று இன்னும் விளங்கவில்லை.

இனி என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாவது கூடை தாழம்பற்றைக்குப் பின்னால் இருக்கிறது. எறியும் இடத்தில் இருந்து தட்டு விழுவது தெரியாது. பெடியள் தேடி எடுத்துத் தந்தபோது சந்தோஷத்தில் நூறு ரூபா கொடுத்தேன். அந்த வாரம் இரண்டு தட்டுகள் 'தொலைந்து' கிடைத்தன. அடுத்த வாரம் ஐந்து. அப்புறம் மூன்றாவது கூடைக்கு எறியும் தட்டெல்லாம் தொலையத் தொடங்கியது! பற்றைக்குள் இரண்டு பேர் குந்தியிருந்து, விழுந்ததும் எடுத்து ஒளித்துவிட்டு, நாங்கள் வியர்க்க வியர்க்கத் தேடுவதைப் பார்த்திருக்கிறார்கள். பிறகு வந்து "மாமா, நாங்க தேடித் தரவா?" இந்தத் தொழிலைத் தொடக்கி வைத்தது யார்? நான்தான்.

காசை நிறுத்தினேன். அதற்குப் பதிலாக, தட்டைக் கொண்டுவருபவனுக்கு மூன்று எறி. கிட்டத்தில் நின்று கூடைக்குப் போடும் தட்டுக்குப் பெயர் பட்டர் என்று சொன்னதும் "பாண் எங்க மாமா?" என்றான் ஒருவன். தூர எறியும் டிரைவரை மட்டும் அவர்கள் கையில் கொடுப்பதில்லை. அதன் விளிம்பு மெல்லியது, எடை 170 கிராம் வரும், முகத்தில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும். எறிந்து பிடித்து விளையாடுவதற்கென்று மெத்தென்ற பிறிஸ்பித் தட்டு இரண்டு தனியாக வைத்திருக்கிறோம். இப்போது பற்றைக்குள் குந்தியிருந்த அதே இருவரில் ஒருவன், நாங்கள் எறியும்போது பற்றை ஓரம் நின்று தட்டு விழும் இடத்துக்குக் கை காட்டுகிறான். பட்டரில் என்னை விட அவன் திறம்.

வேலியைப் பற்றி: பொது நிலத்தில் பத்துப் பேர் விளையாடுவதற்காக வலைக்காரரையும் மாட்டையும் வெளியே தள்ள எங்களுக்கு என்ன உரிமை? அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் பொலிஸுக்குப் போக வேண்டிய திருட்டு ஒன்று நடந்தது, அதைப் பற்றிக் கடிதம் எழுதிய நண்பர் ஒரு வரியும் எழுதவில்லை. பங்குனியில் ஒரு காலை இரண்டு கூடைகளின் சங்கிலியைக் காணவில்லை. கட்டர் போட்டு வெட்டியிருந்தார்கள். பெடியளின் வேலையல்ல அது. தட்டுக்கு இங்கே சந்தை இல்லை, இரும்புக்குக் கிலோ கணக்கில் உண்டு. பொலிஸில் முறையிட்டேன், பழைய இரும்பு வாங்கும் கடைகளுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். புதுச் சங்கிலிக்கு நல்ல ரோஸ் நிறத்தில் பெயின்ட் அடித்து, கொளுக்கிகளை வைத்து ஒட்டிவிட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை என்று மனைவி சொல்கிறாள். இருக்கட்டும், அந்த நிறச் சங்கிலியோடு எவனாவது கடைக்கு வந்தால் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்குத் தெரியும்.

கடற்கரைத் திருப்பத்தில் உள்ள தேத்தண்ணிக் கடையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். கண்டெடுத்த தட்டை அதில் போட்டால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனி மாதக் கச்சானில் போன மஞ்சள் டிரைவர் ஒன்று இன்னும் வரவில்லை. அது மருமகன் கடைசியாக அனுப்பியது. வந்த அன்றே ஆசையில் எறிந்துவிட்டேன், பெயர் எழுதவில்லை. யார் வீட்டிலாவது அதில் கோழி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து பெட்டியில் சேர்க்கவும். கோழிக்கு வேறு தட்டு நான் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒட்டுப் பட்டறைக்கார வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.