'இல்லத்தரசி' என்ற சொல்லுக்குள் என் அம்மா அடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் அம்மா 80 வயதில் காலமானார். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்கப் போன இடத்தில், எழுதிக்கொண்டிருந்த தம்பி, "அம்மா என்ன வேலையில் இருந்தார்கள்?" என்று கேட்டார். வேலைக்குப் போகவில்லை என்றேன். 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டார். அவர் மேல் குற்றம் இல்லை. எனக்குத்தான் அந்த நேரத்தில் பேச வாய் வரவில்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அம்மாவின் அலமாரியில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. முன்பக்கமாகப் புரட்டினால் தெருவின் கணக்கு. பின்பக்கமாகப் புரட்டினால் பென்சிலில் வரைந்த செப்புத் திருமேனிகள். 2003ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீர் லாரி வந்த தேதி, நேரம், எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்று எல்லாம் அதில் உண்டு. 'மூன்றாம் வீட்டில் கைக்குழந்தை, இரண்டு குடம் கூடுதல்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். குழாயடியில் சண்டை மூண்டால் இந்த நோட்டுதான் தீர்ப்பு. அதே ஆண்டு மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் நட்டுவிட்டுக் கடமையை முடித்தவர்கள் பலர். அம்மா வீடு வீடாகப் போய், குழியைத் திறக்கச் சொல்லி, ஜல்லியும் மணலும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தார். அடைத்துக்கொண்டதைத் தாமே கிளறியும் விட்டார்.

அப்பாவுக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. மூன்று பிள்ளைகள், ஏழு ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்த பாட்டி. இதற்கு நடுவில்தான் இத்தனையும்.

அம்மாவின் ஊர் சுவாமிமலை. சிறுமியாக இருந்தபோது எதிர்வீட்டு ஸ்தபதியின் பட்டறை வாசலிலேயே கிடந்தாராம். தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவு எடுப்பதும், மெழுகில் சிலை பிடித்து அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவதும், சூட்டில் மெழுகு உருகி வெளியேறியதும் உலோகத்தை உள்ளே ஊற்றுவதும் அவருக்கு மனப்பாடம். மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று வராது என்பார். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவருக்கு எழும்பூர் அருங்காட்சியகம்தான் பிறந்த வீடு. 1851இல் தொடங்கிய அந்த இடத்துக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவார். தூக்குச் சட்டியில் புளிச்சோறு இருக்கும். சிலைகளைக் காட்டிலும் அம்மா சொல்லும் மெழுகுக் கதைக்குத்தான் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள்.

அங்கே இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் மட்டும் அவர் பேசமாட்டார். சோழர் காலத் திருமேனி அது. ஆண் பாதிக்கு இரண்டு கைகள், பெண் பாதிக்கு ஒரே கை. "அந்த ஒரு கையைப் பார், எவ்வளவு நிதானமாக இருக்கிறது" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். நோட்டில் அந்தத் திருமேனியைப் பதினொரு முறை வரைந்திருக்கிறார். பதினொன்றிலும் அந்தக் கையை மட்டும் அழித்து அழித்து வரைந்ததில் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிகிறது.

அஞ்சலிப் பக்கத்தை ஒட்டி, வாரம் ஒரு நாள், கட்டணமில்லாமல், இருநூறு சொற்களுக்கு இடம் ஒதுக்குங்கள். மறைந்தவரைப் பற்றி வீட்டாரோ தெருவாரோ எழுதட்டும். பதவியில் இருந்தவர்களைப் பற்றி எழுத எப்போதும் யாராவது இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி எழுத நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம். நாங்களும் போய்விட்டால் அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

எங்கள் தெருவிலேயே இன்னொருவரும் உண்டு. 2015 வெள்ளத்தின்போது தம் தையல் கடையைத் திறந்துவிட்டு, ஒதுங்க இடமில்லாத குடும்பங்களை நான்கு இரவுகள் தங்க வைத்தவர். போன ஆண்டு மறைந்தார். எழுதித் தயாராக வைத்திருங்கள் என்று அவருடைய மனைவியிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
அயனாவரம், சென்னை-23